12 வருஷமாகக் கேட்ட பங்க் பேண்ட், புது ஆல்பத்தில் ஏன் வேறு யாரோ போல ஒலிக்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: 12 வருஷமாக ஒரு பங்க் பேண்டைக் கேட்டு வருகிறீர்கள் (பங்க் என்றால் வேகமும் சத்தமுமாக, அலங்காரமில்லாமல் வாசிக்கிற ராக் வகை). போன வாரம் அவர்களுடைய ஐந்தாவது ஆல்பம் வந்தது. இரண்டு நிமிடத்தில் முடிகிற பாட்டுகள் நான்கு நிமிடம் ஓடுகின்றன, வேகம் குறைந்திருக்கிறது, இரண்டு பாட்டில் கீபோர்டு வருகிறது, பாடகர் கத்துவதை விட்டுவிட்டு நிஜமாகவே பாடுகிறார். ரசிகர்களில் பாதிப் பேர் “விலைபோய்விட்டார்கள்” என்கிறார்கள், மீதிப் பேர் “இதுவரை வந்ததிலேயே இதுதான் பெஸ்ட்” என்கிறார்கள். மூன்று முறை கேட்டும் எந்தப் பக்கம் நிற்பதென்று உங்களுக்குத் தெரியவில்லை. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், “எனக்கு ஒட்டாமல் போனது இசையினாலா, வேறு எதனாலா என்றே புரியவில்லை” என்று ஒரு வரி இருக்கிறதே, கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. யார் சரி என்பதற்கு என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. பேண்டின் பெயரையே நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு வாரத்தில் அந்தத் தீர்ப்பைச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். இசையினாலா, வேறு எதனாலா என்பதைப் பிரித்துப் பார்க்க மட்டும் வழி இருக்கிறது.

என் தொழில் மிக்ஸிங். பேண்ட் ரெக்கார்ட் செய்து அனுப்பும் தனித்தனி ட்ராக்குகளை வாங்கி, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஒன்றாக்கிக் கொடுப்பது. 19 வருஷமாக இதைச் செய்கிறேன், பெரும்பாலும் சத்தமான பேண்டுகளுக்கு. அதனால் எதையும் முதலில் ஒலியாகத்தான் கேட்பேன். பாட்டு வரி நாலாவது தடவைதான் என் காதில் விழும். இந்தக் கோணல் என்னிடம் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.

இத்தனை வருஷத்தில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. “விலைபோய்விட்டார்கள்” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ரசிகர்கள் நாலைந்து வேறு வேறு குறைகளைச் சொல்கிறார்கள். அவற்றில் சில அந்த ரெக்கார்டிலேயே இருக்கின்றன, காதால் கேட்டு, வேண்டுமானால் அளந்தும் சரிபார்த்துவிடலாம். சில ரெக்கார்டில் இல்லவே இல்லை. பேண்டுக்கும் ரசிகருக்கும் நடுவில் இருந்த ஏதோ ஓர் உடன்பாட்டைப் பற்றியவை. பொய்க் குறை என்று எதையும் நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் உங்கள் குழப்பம் தீராது.

காதில் கேட்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், அங்கேதான் உறுதியாகப் பேச முடியும். முதல் வேலை, பழைய ஆல்பத்தையும் புது ஆல்பத்தையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் இதைச் செய்யாமல் ஒப்பிடுவது வீண். ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், பெரும்பாலானவர்கள் “சத்தம் அதிகம்” என்று சொல்லமாட்டார்கள், “இது நன்றாக இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். சத்தம் குறையக் குறைய நம் காது அடித்தள ஒலியையும் உச்ச ஒலியையும் சரியாகப் பிடிப்பதில்லை. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிய விஷயம் இது. ஆக, குறைந்த சத்தத்தில் மாஸ்டர் செய்யப்பட்ட (வெளியீட்டுக்குமுன் கடைசியாக ஒலி சரிசெய்யப்பட்ட) ஆல்பம் பலவீனமாகக் கேட்கும், சத்தமாகச் செய்யப்பட்டது வீரியமாகக் கேட்கும், பாட்டு எதுவாக இருந்தாலும் சரி. ஸ்பாட்டிஃபை போன்றவை வழக்கமாக எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரிகிற சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்கு இறக்கிச் சமன் செய்துதான் தருகின்றன. அந்த வசதியை அணைத்து வைத்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்காகவாவது போட்டுக்கொள்ளுங்கள். பழையதை சிடியிலும் புதியதை போனிலும் கேட்டுவிட்டு “அந்த வெறி இதில் இல்லை” என்றால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வால்யூம் பட்டன்களை.

எனக்கே நடந்த ஒன்று. சில வருஷங்களுக்கு முன் நால்வர் கொண்ட ஒரு பங்க் பேண்டின் மூன்றாவது ஆல்பத்தை மிக்ஸ் செய்தேன். முடித்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டினால் நான்கு முகமும் தொங்கிப்போயின. “எங்கள் டெமோவில் இருந்த சூடு இதில் இல்லை” என்றார்கள். டெமோ, ஒத்திகை அறையில் இரண்டு மைக் வைத்து எடுத்தது. யாரோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள்; அளந்து பார்த்தால் என் மிக்ஸைவிட 5 டெசிபல் கூடுதல். அதை 5 டெசிபல் இறக்கி, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். கிட்டாரிஸ்டும் பாடகரும் என் மிக்ஸைக் கைகாட்டினார்கள். பேஸ் வாசிப்பவர் தனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. டிரம்மர் மட்டும் டெமோதான் என்றார். மூன்று முறை வரிசையை மாற்றிப் போட்டேன், மூன்று முறையும் அதையே காட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, “அதில் நான் ஓடுகிறேன். இதில் நடக்கிறேன்” என்றார்.

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை. டெமோவில் கோரஸுக்கு முந்தைய நான்கு அடிகளில் அவர் கொஞ்சம் முந்திக்கொண்டு போகிறார். நிமிடத்துக்கு 176 அடியில் போய்க்கொண்டிருந்த பாட்டு, கோரஸில் 182க்கு ஏறிவிடுகிறது. ஸ்டுடியோவில் காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் கேட்டுக்கொண்டே வாசித்தார். அதற்கு மேல் நான் வேறு ஒவ்வொரு ஸ்னேர் டிரம் அடியையும் திரையில் தெரிகிற தாளக் கோட்டின்மேல் இழுத்து உட்கார வைத்திருந்தேன். தொடக்கம் முதல் கடைசி வரை 178, அணுவளவும் பிசகவில்லை. சுத்தமான வேலை, அதில் உயிர் இல்லை. இரண்டு பாட்டில் என் திருத்தத்தைக் கழற்றி, அவர் வாசித்தபடியே விட்டேன். மீதியைச் செய்ய நாள் இல்லை. ஆல்பம் வந்ததும் பழைய ரசிகர்கள் சிலர் “விலைபோய்விட்டார்கள்” என்று எழுதினார்கள். போன விலையை நான் பார்க்கவில்லை. எனக்குத் தர வேண்டிய பாதிச் சம்பளமே இன்னும் பாக்கி. ஆனால் அந்த ரசிகர்களின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. வலி எங்கே என்று சரியாகத் தொட்டுக் காட்டினார்கள், நோயின் பெயரைத்தான் தப்பாகச் சொன்னார்கள்.

அதனால் உங்கள் பேண்டின் விஷயத்திலும், வேகம் குறைந்துவிட்டது என்று நினைத்தால் எண்ணிப் பாருங்கள். போனில் தட்டினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேகம் பழையதற்கு நிகராகவே இருந்து, மந்தமாகத் தோன்றுகிறது என்றால் காரணம் வேறு இடத்தில். முக்கால்வாசி நேரம் அது டிரம்ஸ் திருத்தமாக இருக்கும், இல்லாவிட்டால் கிட்டார். கையில் காசும் நாளும் இல்லாத பேண்ட் ஒரு கிட்டாரை ஒரே தடவை வாசித்து எடுக்கும். அதில் விரல் நழுவுவது, கம்பி சுருதி விலகுவது எல்லாம் கேட்கும். வசதி வந்ததும் அதே பகுதியை நாலு முறை வாசித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சுவர் மாதிரிப் பெரிதாகக் கேட்கும், ஆனால் ஒரு மனிதர் வாசிக்கிற உணர்வு போய்விடும். நான்கு பேர் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடினால் தனிக் குரலின் நடுக்கம் மறைந்துபோகும் அல்லவா, அதே கதைதான்.

பணமும் நாளும் கூடினால் பங்க் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கப் பங்க் பேண்டான ரமோன்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1976இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ஏழே நாளில், சுமார் 6,400 டாலரில் முடிந்தது. 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். நான்கு வருஷம் கழித்து ஃபில் ஸ்பெக்டரின் தயாரிப்பில் “எண்ட் ஆஃப் தி செஞ்சுரி” வந்தபோது செலவு ஏறக்குறைய 2 லட்சம் டாலர். ஒரு பாட்டின் தொடக்கத்தில் வரும் ஒற்றை கார்டை (பல சுரம் சேர்ந்த ஒரு மீட்டலை) மணிக்கணக்காகத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார் என்று கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் கடைசிவரை புலம்பினார். இன்னொரு பாட்டில் வயலின் கூட்டமே வருகிறது, பேண்டிலிருந்து பாடகர் ஜோயி மட்டும்தான் இருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கப் பட்டியலில் அவர்கள் எட்டிய உச்சம் அந்த ஆல்பம்தான், 44ஆம் இடம். ரசிகர்கள் இன்றுவரை கட்சி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் பாட்டுகள் நல்லவை, ஒலி அவற்றுக்குத் தைத்த சட்டை இல்லை. அந்த இரண்டும் தனித்தனி என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஒன்றைப் பிடிக்காமல் இன்னொன்றைப் பிடித்துப்போகலாம்.

பாடகர் கத்துவதை விட்டுவிட்டார் என்பதில் கொஞ்சம் அவசரப்படாமல் இருங்கள். 20 வயதில் தொண்டை கிழியக் கத்தியவர் 35 வயதில் அதே மாதிரி வாரத்துக்கு ஐந்து நாள் மேடையில் கத்த முடியாது. குரல்நாணும் சதைதானே. உங்கள் பேண்டில் அதுதான் நடந்திருக்கிறது என்று சொல்லவில்லை, அதை அவர் வாயால் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. ஆனால் “பாடுகிறார்” என்பதிலிருந்து “வானொலிக்காகப் பாடுகிறார்” என்று தாவுவதற்கு நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

அந்தப் பள்ளத்தில் ஒரு பேண்டே விழுந்து உடைந்தது. ஜாபிரேக்கரின் கதை தெரிந்திருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மூன்று பேர் கொண்ட பேண்ட். 1994இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தில் பெரும்பகுதியை ஸ்டீவ் அல்பினி என்ற ஒலிப்பதிவாளர் ரெக்கார்ட் செய்தார், சில நாளில், எந்த அலங்காரமும் இல்லாமல். பாடகர் பிளேக் ஷ்வார்ட்சன்பாக்கின் கரகரத்த குரலும் வரிகளும் என்றால் ரசிகர்களுக்கு உயிர். பெரிய லேபிளில் (இசைக் கம்பெனியில்) சேரவே மாட்டோம் என்று மேடையிலேயே சொன்னவர் அவர். அப்புறம் சேர்ந்தார்கள். 1995இல் டிஜிசி என்ற பெரிய லேபிளில் “டியர் யூ” வந்தது. தயாரிப்பாளர் ராப் கவல்லோ. அதே வட்டாரத்துப் பேண்டான கிரீன் டேயின் “டூக்கி”யை 1994இல் தயாரித்து, அதைக் கோடிக்கணக்கில் விற்கவைத்தவர்களில் ஒருவர். “டியர் யூ”வில் கிட்டார்கள் அடுக்கடுக்காக, வழவழவென்று. குரல் சுத்தமாக, எல்லாவற்றுக்கும் முன்னால். சில வருஷம் முன்பு பிளேக்குக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது, குரல் மாறியது அதனால்தான் என்ற வதந்திக்கு அது தீனி போட்டது. மேடையில் புதுப் பாட்டை ஆரம்பித்தால் சில ரசிகர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். 1996இல் பேண்ட் கலைந்தது.

இப்போது அந்த ஆல்பத்தின் நிலைமை என்ன தெரியுமா? அச்சில் இல்லாமல் போய், 2004இல் டிரம்மரின் சொந்த லேபிளான பிளாக்பாலில் மறுபடி வந்தது. அதற்குள் அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது. 2017இல் சிகாகோவின் ரயட் ஃபெஸ்டில் அவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறியபோது, முன்பு முதுகைக் காட்ட வைத்த அந்தப் பாட்டுகளைக் கூட்டம் சேர்ந்து பாடியது. ரெக்கார்டில் ஒரு சுரம் மாறவில்லை. 1995இல் கோபப்பட்டவர்களுக்கு, கொடுத்த வாக்கை மீறிய ஒருவருடைய குரலாக அது கேட்டது. பிறகு வந்தவர்களுக்கு அந்த வாக்கே தெரியாது, அதனால் பாட்டு மட்டும் கேட்டது. (நானும் பிறகு வந்தவன்தான். அந்தக் கிட்டார் அடுக்கு எனக்கு இன்றும் ஒரு பிடி அதிகம், வரிகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.)

பழைய ரசிகர்களை இங்கே கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மற்ற இசைகளில் ரசிகர் டிக்கெட் வாங்குகிறார், கேட்கிறார், வீட்டுக்குப் போகிறார். பங்கில் நிலைமை வேறு. ஊர் ஊராக வேனில் போகும் பேண்டுக்குப் படுக்க இடம் கொடுத்தவர், நகலெடுத்து ஒட்டிய பத்திரிகையில் அவர்களைப் பற்றி முதன்முதலில் எழுதியவர், அரங்கத்தைக் கூட்டிப் பெருக்கியவர், எல்லோரும் ரசிகர்தான். பெர்க்லியில் 924 கில்மன் என்ற அரங்கம் அப்படித் தொண்டர்களாலேயே நடந்தது. பெரிய லேபிளில் சேர்ந்த பேண்டுக்கு அங்கே மேடை கிடையாது என்பது விதி. அங்கேயே வளர்ந்த கிரீன் டேக்கும் அந்த விதியால் கதவு மூடியது. 2015இல் ஒரு நிதிதிரட்டும் நிகழ்ச்சிக்காகத்தான் மறுபடி அங்கே வாசித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிடிவாதம். உள்ளே இருந்தவருக்கு, தன் கையால் கட்டிய ஒன்றை யாரோ விற்றுவிட்டார்கள் என்ற உணர்வு. இங்கிலாந்துப் பேண்டான தி கிளாஷ் 1977 ஜனவரியில் 1 லட்சம் பவுனுக்கு சிபிஎஸ் என்ற பெரிய லேபிளில் கையெழுத்திட்ட நாளிலேயே பங்க் செத்துவிட்டது என்று “ஸ்னிஃபின் க்ளூ” பத்திரிகை நடத்திய மார்க் பெரி சொன்னார். அப்போது அவர்களுடைய முதல் ஆல்பமே வெளிவந்திருக்கவில்லை! அந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூடக் கேட்காமல் விழுந்த தீர்ப்பு. அதே கிளாஷ் கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்து ரெக்கே, ஸ்கா, ராக்கபில்லி என்று வேறு இசை வகைகள் எல்லாவற்றையும் கலந்து “லண்டன் காலிங்” கொடுத்தார்கள். இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கு விற்கவைத்தார்கள். விலைபோனவர்கள் செய்கிற வேலையா அது?

ஒலியைக் கேட்டு லேபிளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. தி ஆஃப்ஸ்பிரிங்கின் “ஸ்மாஷ்” 1994இல் வந்தபோது அது எபிடாஃப் என்ற சுயேச்சை லேபிளில். பேட் ரிலிஜன் என்ற பங்க் பேண்டின் கிட்டாரிஸ்ட் பிரெட் கர்விட்ஸ் நடத்தியது. உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதையும் “டூக்கி”யையும் அடுத்தடுத்து ஒருவருக்குப் போட்டுக் காட்டி, எது பெரிய கம்பெனியில் வந்தது என்று கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பூவா தலையா போட்ட மாதிரிதான் விடை வந்தது.

சரி, கோபப்படுகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். “இதுதான் பெஸ்ட்” என்கிறவர்களின் சொல்லையும் அதே தராசில்தான் வைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியினருக்கு இதுதான் முதல் ஆல்பமாக இருக்கும். ஒரு பேண்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறோமோ அந்த வாசல்தான் நமக்கு முன்வாசல். இன்னொரு பகுதியினர் தாங்கள் குறுகிய மனம் கொண்டவர்கள் இல்லை என்று காட்டுவதற்காகவே பாராட்டுவார்கள். “காலம் பதில் சொல்லும், அப்போது இதைக் கொண்டாடுவீர்கள்” என்பது அவர்களுக்குப் பிடித்த வாதம். பிளாக் ஃபிளாக்கை இழுப்பார்கள். உண்மைதான்: ஹார்ட்கோர் (பங்கிலேயே இன்னும் வேகமான வகை) வேகத்துக்குப் பெயர் போன அந்தப் பேண்ட் 1984இல் “மை வார்” ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் வெறும் மூன்றே பாட்டு வைத்தது, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், ஆமை வேகம். அன்று கூட்டம் எரிச்சலடைந்தது. பிறகு மெல்வின்ஸ் தொடங்கி எத்தனையோ பேண்டுகள் அந்தப் பக்கத்திலிருந்து பிறந்தன. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் பேட் ரிலிஜனும் திசை மாறியதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. “இன்டு தி அன்னோன்” என்று கீபோர்டு நிறைந்த ஆல்பம். பத்தாயிரம் பிரதி அச்சிட்டார்கள், பெரும்பாலானவை கடைகளிலிருந்து திரும்பி வந்தன. அடுத்து வந்த சிறு வெளியீட்டுக்கு “பேக் டு தி நோன்” என்று பெயர் வைத்ததிலேயே மன்னிப்பு ஒளிந்திருக்கிறது. 40 வருஷம் ஆயிற்று, காலம் அதற்குப் பெரிதாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. திட்டு வாங்கி அப்புறம் காவியமானவை மட்டும்தான் கதையாக நம்மிடம் வந்து சேர்கின்றன. திட்டு வாங்கி அப்படியே மறைந்தவற்றுக்குக் கதை சொல்ல ஆள் இல்லை. ஆகவே உங்கள் ஆல்பம் எந்த வரிசையில் சேரும் என்று இப்போது சொல்கிறவர் ஜோசியம் சொல்கிறார்.

மூன்று முறை கேட்டேன் என்கிறீர்கள். அது குறைவு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இது உறுதியாகச் சொல்லும் பேச்சு இல்லை. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் காட்டினார். அர்த்தமில்லாத சொற்களை வைத்தும் முன்பின் தெரியாத முகங்களை வைத்தும் சோதித்தார். இசையிலும் ஓரளவு அப்படி நடக்கிறது என்பது என் அனுபவமும்தான். மிக்ஸ் செய்ய ஆரம்பிக்கும்போது சகிக்க முடியாத பாட்டு, நாற்பதாவது தடவையில் குளிக்கும்போது வாயில் வந்துவிடும். இதனாலேயே என் தீர்ப்பையே நான் நம்புவதில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், பாட்டு விஷயத்தில் பலமுறை புளித்ததுதான் பாலாகிறது. ஆனால் பழக்கத்தினால் வந்த பிரியமும், ஆல்பத்தில் உண்மையில் இருந்து மெதுவாகத் தெரியவந்த அழகும் வேறு வேறு. இரண்டையும் உள்ளிருந்து பிரித்தறிய நம்பகமான வழி எதுவும் எனக்குத் தெரியாது. நான் செய்வது ஒன்றே ஒன்று: இரண்டு வாரம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் கேட்காமல் விட்டுவிடுவேன். அந்த மாதத்தில் எந்தப் பாட்டு தானாகத் தலைக்குள் ஓடுகிறது என்று பார்ப்பேன். கோரஸ் மட்டும் ஓடினால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நடுவில் வரும் ஏதோ ஒரு பேஸ் நகர்வு, ஒரு வரி சொன்ன விதம், அப்படி ஒன்று வந்தால் அந்தப் பாட்டில் விஷயம் இருக்கிறது.

மேடையும் ஒரு சோதனைதான். ஸ்டுடியோ செய்த ஒப்பனை எல்லாம் அங்கே கழன்றுவிடும். என் மாதிரி ஆட்கள் ஸ்னேரை இழுத்து உட்கார வைக்க முடியாது. புதுப் பாட்டு மேடையில் எழுந்து நின்றால், உங்களுக்கு உறுத்தியது மிக்ஸ். அங்கேயும் படுத்துக்கொண்டால், பாட்டு. பழையதையே கேட்டுக் கத்தாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வயர் என்ற பேண்ட், 21 பாட்டை 35 நிமிடத்தில் அடைத்த “பிங்க் ஃப்ளாக்” ஆல்பத்தை 1977இல் கொடுத்தவர்கள், பத்து வருஷம் கழித்து அமெரிக்கா போனபோது அந்தப் பாட்டுகளை வாசிக்க விரும்பவில்லை. அதற்காக ஒரு நகல் பேண்டைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் நகல் பேண்ட் வந்து பழைய ஆல்பத்தை வாசித்துவிட்டுப் போகும், பிறகு அசல் பேண்ட் வந்து புதுசை மட்டும் வாசிக்கும். ரசிகர்களோடு மல்லுக்கட்டுவதற்கு இதைவிட மரியாதையான வழியை நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, வெறும் சந்தேகம்தான். கீபோர்டு வரும் இரண்டு பாட்டையும் நீங்கள் குறையாகச் சொல்லவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொன்னீர்கள். பாட்டு நீண்டுவிட்டதையும் அப்படித்தான். “ஏதோ கண்ணாடிக்குப் பின்னால் வாசிப்பது போல” என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒன்றில்தான் உண்மையான ஏமாற்றம் தெரிகிறது. அது பாட்டு எழுதிய விதத்தைப் பற்றிய குறையாக எனக்குப் படவில்லை. டிரம்மையும் கிட்டாரையும் திருத்திய விதம், குரலின்மேல் போட்ட கம்ப்ரெஸ்ஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமன் செய்யும் கருவி), இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். ஆல்பத்தில் உங்களுக்கு அதிகமாக உறுத்தும் பாட்டை எடுத்து, முதல் கோரஸுக்கு முந்தைய நான்கு அடிகளில் வேகத்தைத் தட்டி எண்ணுங்கள், கோரஸிலும் எண்ணுங்கள். பழைய ஆல்பத்தில் உங்களுக்கு மிகப் பிடித்த பாட்டிலும் அதையே செய்யுங்கள். நாலு எண்ணையும் பேண்டின் பெயரையும் இங்கே போடுங்கள், நானும் கேட்டுவிட்டு வருகிறேன்.